எட்கர் ஆலன் போவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

குடியை நிறுத்தச் சிகிச்சைக்கென்று போன வாரம் என்னிடம் வந்தவருக்கு 29 வயது. அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனா தாளில் நிற்கவில்லை, கை அப்படி உதறியது. அந்த நிலையிலும் வாதாடினார்: "எட்கர் ஆலன் போ குடிச்சுட்டுத்தானே டாக்டர் எழுதினார்?" இந்த வருடம் இதே அமெரிக்க எழுத்தாளரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். கவிதை நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கடைசிக் கவிதைக்குக் கீழே போன வருடத் தேதி.

சரி, போவையே எடுத்துக்கொள்வோம்.

1809இல் பாஸ்டனில், நாடக நடிகர்களுக்குப் பிறந்தவர். அப்பா விட்டுவிட்டுப் போனார். மூன்று வயது நிறையும் முன்பே அம்மாவும் இறந்தார். வளர்த்த ஜான் ஆலன் கடைசிவரை சட்டப்படி தத்தெடுக்கவில்லை. கல்லூரியில் சூதாட்டக் கடன், அப்புறம் ராணுவம், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியிலிருந்து நீக்கம். 1842 ஜனவரியில் மனைவி வெர்ஜீனியா பாடிக்கொண்டிருக்கும்போதே வாயில் ரத்தம் வந்தது. காசநோய். ஐந்து வருடம் தேறுவதும் மறுபடி படுப்பதுமாக இருந்து, 1847இல் 24 வயதில் போய்ச் சேர்ந்தார்.

மறு வருடம் போ எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. அவள் பிழைப்பாளா மாட்டாளா என்ற ஊசலாட்டத்தில் எனக்குப் புத்தி பேதலித்தது, அந்த நேரங்களில் எவ்வளவு குடித்தேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்கிறார். எதிரிகள் குடியால் புத்தி கெட்டது என்றார்களாம். புத்தி கெட்டதால்தான் குடித்தேன் என்கிறார் அவர். எது முதலில் வந்தது என்பதைத்தான் நாங்களும் முதலில் கேட்கிறோம்.

குடித்ததால் எழுதினார் என்று எங்கே இருக்கிறது? 'தி ரேவன்' கவிதை 1845இல் வந்தது. அதை எப்படிக் கட்டினேன் என்று அடுத்த வருடமே ஒரு கட்டுரை எழுதினார்: கணக்குப் போடுவதுபோலப் படிப்படியாக. எத்தனை வரி இருக்கலாம், என்ன உணர்வு வேண்டும், திரும்பத் திரும்ப வரும் சொல் எது என்று. ஆவேசம் வந்து எழுதுவதாகக் காட்டிக்கொள்ளும் கவிஞர்களை அதில் கிண்டல் வேறு செய்கிறார். கட்டுரையில் கொஞ்சம் அலட்டல் இருக்கலாம். இருந்தாலும் உங்கள் ஆதர்சம் உங்களைத்தான் கிண்டல் செய்கிறார், கவனியுங்கள்.

குடி அவருக்குக் கொடுத்தது வேறு. 1835இல் பத்திரிகை முதலாளி தாமஸ் வைட் அவருக்கு எழுதினார்: காலைச் சாப்பாட்டுக்கு முன்பே குடிப்பவன் நம்பத்தகுந்தவன் இல்லை, அவனால் வேலையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றுகிறதா என்று நாங்கள் இன்றும் கேட்கிறோம். அவர் அபின் அடிமை என்பதும் கதைதான். போவோடு ஜென்மப் பகை கொண்ட தாமஸ் டன் இங்கிலிஷ் ஒரு டாக்டர். அந்தப் பழக்கம் இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

1849 அக்டோபர் 3 அன்று பால்டிமோரில், தனக்குப் பொருந்தாத உடையில், நினைவு தடுமாறிய நிலையில் கிடைத்தார். நான்கு நாளில் மரணம், வயது 40. மருத்துவமனைக் குறிப்புகள் எதுவும் மிஞ்சவில்லை. அதனால் குடியா, வெறிநாய்க்கடியா என்று தீர்ப்பு எழுத நான் தயாரில்லை, நீங்களும் எழுதாதீர்கள்.

அந்த ஆகஸ்டில்தான் ரிச்மண்டில் மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்து சத்தியம் செய்திருந்தார். சத்தியத்துக்குப் பின்னால் கொடுக்க அன்றைக்குச் சரியான வைத்தியம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது, தயவுசெய்து வாருங்கள். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் "இன்றோடு நிறுத்திட்டேன்" என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளக் கூடாது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், உயிரே போகலாம். சாமி வந்திருக்கிறது, தூங்கினால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டில் சாவு விழுந்த பிறகு குடி கூடியதென்றால் அதையும் சொல்லுங்கள், அந்தத் துக்கத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. கடைசியாக எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார் என்பதை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான். நான் திட்ட மாட்டேன்.