பச்சை லேபிள் ஒட்டிய பலகை

சேலத்தில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி, லாரிக்கு பானெட், சில சமயம் திருவிழாவுக்குக் குதிரை. கடல் பக்கமே போகாத தொழில். ஆனால் கோவளம் போய் அலைச்சறுக்கு கற்றுக்கொண்ட நம் ஊர்ப் பையன்கள், பலகை உடைந்தால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

போன சித்திரையில் ஒரு தம்பி வந்தான். "அண்ணே, இது ரீசைக்கிள் தெர்மாகோல் போர்டு. சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு காசு கூடக் கொடுத்து வாங்கினேன்." முனையில் சின்ன ஓட்டை. அதை அவனே பாலியஸ்டர் ரெசின் (ஊற்றினால் இறுகும் பிசின்) ஊற்றி அடைத்திருக்கிறான். அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற ரசாயனம் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஓட்டை கிண்ணமாகிவிட்டது. தெர்மாகோல் பலகைக்கு எபாக்ஸி ரெசின்தான் போட வேண்டும், பி.யூ. (பாலியூரிதேன்) ஃபோம் என்றால் இரண்டு ரெசினும் ஒட்டும். விற்றவர் இதைச் சொல்லவே இல்லையாம்.

அதனால் லேபிளைப் பார்ப்பதற்கு முன், உள்ளே என்ன ஃபோம், மேலே என்ன ரெசின் என்று கேளுங்கள். 'தாவர ரெசின்' என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அதில் ஒரு பங்குதான் தாவரத்திலிருந்து வந்தது. என்னைக் கேட்டால், பழைய பலகையை வாங்கி ஒட்டுப் போட்டு ஓட்டுவதே மேல். விரிசல் கண்டால் அன்றைக்கே டேப் ஒட்டிவிடுங்கள், தெர்மாகோல் தண்ணீர் குடிக்கும். சேலத்து வெயிலில் காருக்குள் போட்டுவைத்தால் மேல்தோல் கொப்புளம் கட்டும். அதைச் சரிசெய்வதற்குப் புதுசே வாங்கிவிடலாம்.

அப்புறம் வெட்சூட், குளிர்ந்த கடலில் உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை. அதைச் செய்யும் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரைப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்காமல் சுண்ணாம்புக்கல்லிலிருந்து எடுத்தால் பசுமை என்று விற்கிறார்கள். அந்தக் கல்லைக் கரியோடு சேர்த்து 2,000 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால்தான் கார்பைடு கிடைக்கும், அதிலிருந்து ரப்பர் செய்வதெல்லாம் அதற்கப்புறம். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளைப் பார்த்தவர்களிடம் இதைப் பசுமை என்று சொல்ல முடியுமா? இயற்கை ரப்பரில் செய்ததும் இருக்கிறது, விலைதான் அதிகம். சரி, நம் கடலுக்கு வெட்சூட்டே எதற்கு? சென்னைப் பக்கம் தை மாதத்திலும் தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போவது அரிது. முழுக்கைப் பனியன் போதும், வெயிலுக்கும் ஆகும்.

கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் தேய்க்கிற மெழுகு பெரும்பாலும் பாரஃபின், அதுவும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். ஏற்காட்டில் வாங்கிய தேன்மெழுகோடு தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தோம். முதல் தடவை எண்ணெய் கூடிப்போய், ஏறி நின்றவன் வழுக்கி விழுந்தான். எண்ணெயைக் குறைத்ததும் கால் நின்றது.

வீட்டில் ஒட்டுப் போடுகிறவர்கள் உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கை நல்ல மாஸ்க்கால் மூடிக்கொள்ளுங்கள். ஃபைபர் தூளைச் சாக்கடையில் கழுவிவிடாதீர்கள். சேர்வராயன் மலையிலிருந்து ஊருக்குள் வரும் திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கிறது, காவிரி போய்ச் சேருவது கடலில். நான் தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மிச்ச ரெசினில் கலந்து, கல்லாக இறுகிய பிறகுதான் குப்பையில் போடுகிறேன்.