சிஸ்டம் ஸ்லோவா? ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

"அண்ணா, சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. ஃபார்மட் அடிச்சுக் குடுங்க." கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். என்ன கோளாறு என்று யாரும் கேட்பதில்லை. ஃபார்மட் அடித்தால், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், கொஞ்ச நாள் வேகமாகத்தான் ஓடும். காரணம் வேறு எங்கோ இருந்தால், மறுபடியும் அதே கதைதான். நடுவில் போன போட்டோக்கள் திரும்பி வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு (பிராசஸர்), மெமரி (ராம்), டிஸ்க் (கோப்புகள் இருக்கும் இடம்) என்று வரிசையாக சதவீதம் காட்டும். சிஸ்டம் ஆன் ஆகிப் பத்து நிமிடம் கழித்து, எதையும் திறக்காமல் அதைச் சும்மா கவனியுங்கள். எந்த எண் 100-ஐ ஒட்டியே நிற்கிறதோ, கோளாறு அந்தப் பக்கம்தான். இதற்கு எந்த மெக்கானிக்கும் தேவையில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பழைய மெஷின்களில் பெரும்பாலும் 100-இல் நிற்பது டிஸ்க்தான். ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றும் தட்டு. தகவல் எங்கே இருக்கிறதோ அங்கே அதன் ஊசி நகர்ந்து போய்த்தான் படிக்க வேண்டும். இன்றைய விண்டோஸ் ஒரே நேரத்தில் நூறு இடத்தில் படிக்கச் சொல்கிறது, பாவம் அது என்ன செய்யும்? தட்டுக்குப் பதிலாக சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி-யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்ப வருடங்களில் வந்த லேப்டாப்கள் நம் பக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் இருப்பதும் சுற்றும் டிஸ்க்தான். அதே இடத்தில், அதே ஸ்க்ரூவில் ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (பழைய டிஸ்க்கின் இணைப்பிலேயே பொருந்தும் வகை) போட்டால் போதும். விண்டோஸ் திறக்க எடுத்துக்கொண்ட நிமிடங்கள் நொடிகளாகும். பழைய மெஷினுக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

டிஸ்க் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ஸ்லோ ஆவது சில சமயம் டிஸ்க் சாகப் போகிறது என்பதற்கான அறிகுறி. தட்டில் ஓர் இடம் பழுதாகிவிட்டால் டிஸ்க் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்த முயற்சி முடியும் வரை சிஸ்டம் அப்படியே நிற்கும். நமக்கு அது "ஹேங் ஆகுது" என்று தெரிகிறது.

பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி லேப்டாப் கொண்டு வந்தார்கள். ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும் என்று வேறொரு கடையில் அவர்களிடம் சொல்லியிருந்தார்களாம். கல்யாண ஆல்பமும் குழந்தையின் முதல் வருடப் போட்டோக்களும் அதில் மட்டும்தான் இருந்தன. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், மஞ்சள் கட்டத்தில் 'காஷன்' என்று எச்சரிக்கை. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகள்) எண்ணிக்கையும் கீழே தெரிந்தது. போட்டோ ஃபோல்டரை முதலில் காப்பி போட்டோம். பாதியில் நின்று நின்றுதான் போனது. சில கோப்புகள் வரவில்லை, பெரும்பாலானவை வந்துவிட்டன. அந்த டிஸ்க்கில் ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் ஏற்றியிருந்தால், போட்டோ இருந்த இடத்தின் மேலேயே எழுதியிருக்கும். அந்த அம்மா முகத்தைப் பார்த்து அப்புறம் என்ன சொல்வது?

ஆகவே டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபோல்டர் திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ வேறு எந்த வேலையும் பார்க்காதீர்கள். ஸ்கேன், ரிப்பேர் எதுவும் வேண்டாம். முதலில் காப்பி எடுங்கள்.

மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை என்று அர்த்தம். 4 ஜிபி-யில் குரோமில் பத்து டேப் திறந்தாலே மூச்சுத் திணறும். 8 ஜிபி வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். ராமில் வகைகள் உண்டு, டிடிஆர்3 போடும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது, சில மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு ஒட்டியே வரும். எனவே பார்ட் வாங்குவதற்கு முன் மாடல் நம்பரைக் காட்டிக் கேளுங்கள்.

செலவே இல்லாத வேலைகளும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனால், விண்டோஸ் திறக்கும்போதே தானாகத் திறக்கும் மென்பொருள்கள் தெரியும். தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். மென்பொருள் அழியாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். சி டிரைவில் கொஞ்சமாவது இடம் காலியாக விடுங்கள். அப்புறம், 'தினமும் ஷட்டௌன் பண்றேனே' என்பவர்களுக்கு ஒரு விஷயம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட்டௌன் செய்யும்போது விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடப்படாது, டிஸ்க்கில் அப்படியே சேமித்து வைக்கப்படும். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வை அழுத்தினால் 'அப் டைம்' (எவ்வளவு நேரமாக ஓடுகிறது) என்று இருப்பதைப் பாருங்கள், தினமும் அணைக்கிற மெஷினிலும் பல நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வாரம் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு காரணம் உண்டு, தூசி. கிரானைட் வேலை நடக்கும் பக்கங்களிலிருந்து வரும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால், பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் இடுக்கெல்லாம் வெள்ளை மாவு அப்பிக் கிடக்கும். காற்று போகாது, சூடு ஏறும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி மத்தியானம் இழுக்கிற மெஷின் என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதில்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள், கரண்ட்டை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஓட்டுவதும் காற்று வழியை அடைக்கிற வேலைதான்.

வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கிளீனர், பூஸ்டர் எதையும் ஏற்றாதீர்கள். பல நேரம் சிஸ்டத்தை இழுப்பதே அவைதான். ஆன்டிவைரஸ் இரண்டு வேண்டாம், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். திருட்டு மென்பொருளை ஓட்டுவதற்கான கிராக் கோப்பு வேண்டவே வேண்டாம், அதோடு சேர்ந்து என்ன வரும் என்று சொல்ல முடியாது. திரையோரத்தில் 'வைரஸ் உள்ளது' என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறதா? முக்கால்வாசி அது ஏதோ ஒரு தளத்தில் நீங்கள் 'அலோ' கொடுத்ததால் வரும் அறிவிப்பு. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதியில் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அதில் காட்டும் நம்பருக்குப் போன் செய்யவே கூடாது. அப்படிப் பேசிப் பணம் போய்விட்டால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதற்காகப் பழைய மெஷினில் வலுக்கட்டாயமாக 11-ஐ ஏற்றச் சொல்லாதீர்கள், பாரம்தான் கூடும். நெட் பார்க்கவும், டைப் அடிக்கவும், விண்ணப்பம் போடவும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள், அது இலவசம்.

கடையில் டிஸ்க் மாற்றக் கொடுத்தால், பழைய டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது ஓடாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ஆதார் ஸ்கேன், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அதற்குள் இன்னும் இருக்கின்றன.