பழைய லேசர் வாங்குகிறீர்களா? பாய்மரக் குழியில் முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்

லேசர் என்பது ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு. போன வருடம் கல்லூரி மாணவர் ஒருவர் பழைய லேசர் ஒன்றை வாங்கி, என்னிடம் காட்டக் கொண்டுவந்தார். ஃபைபர் பளபளவென்று இருந்தது, பாயும் புதுசு. டிராலியிலிருந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினோம். என் பக்கம் கொஞ்சம் உயர்ந்ததும் உள்ளே சளசளவென்று ஒரு சத்தம். "சார், திடீர்னு கனக்குதே" என்றார். பின்பக்கத் தக்கையைத் திறந்து படகைச் சாய்த்தோம். ஒரு பக்கெட் நிறைந்தது, இரண்டாவதும் பாதிக்கு மேல் வந்தது. மறுநாள் காலை அதே படகில் கடலுக்குப் போவதாக இருந்தார் அவர்.

இந்தக் கோளாறு லேசரில் எங்கிருந்து வருகிறது என்று புரிய வேண்டுமானால், படகு பிறந்த கதை தெரிய வேண்டும். 1969-இல் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த வடிவமைப்பாளர் இயன் புரூஸ், கார் கூரையில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்னப் படகு வேண்டும் என்று படகு வடிவமைப்பாளர் புரூஸ் கர்பியிடம் ஃபோனில் கேட்டார். கர்பி பேசிக்கொண்டே கிறுக்கிய படம்தான் லேசரின் முதல் வரைபடம். பாயை ஹான்ஸ் ஃபோக் வடிவமைத்தார். 1971-இல் சந்தைக்கு வந்த அந்தப் படகு இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. இதே படகில் சின்னப் பாய் கட்டிய ரேடியல் 2008-இலிருந்து பெண்களுக்கான ஒலிம்பிக் படகு. பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நம் சென்னை நேத்ரா குமணன், டோக்கியோ போனது அந்த ரேடியலில்தான். இப்போது இதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஐஎல்சிஏ. கரையில் நாங்கள் இன்னும் லேசர் என்றுதான் சொல்கிறோம்.

கார் கூரையில் ஏற வேண்டும் என்பதால் எடை குறைய வேண்டியிருந்தது. வெறும் படகு 59 கிலோதான். பாய்மரம் இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். தலையணைக்கு உறை மாட்டுவதுபோலப் பாயை மரத்தில் மாட்டி, படகின் முன்பக்கக் குழியில் இறக்கினால் வேலை முடிந்தது. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கப் பக்கக் கம்பிகளே கிடையாது. எனக்கு இந்தப் படகின் மேல் இருக்கும் காதலுக்கு இந்த எளிமைதான் காரணம்.

ஆனால் கம்பி இல்லை என்றால் அந்தச் சுமையை வேறு யார் தாங்குவது? ஏறக்குறைய ஆறு மீட்டர் உயர மரம், 7.06 சதுர மீட்டர் பாய். அதில் விழும் காற்றின் மொத்த அழுத்தத்தையும் ஒரு முழம்கூட ஆழமில்லாத அந்தக் குழிதான் வாங்குகிறது. போதாததற்கு, படகைத் திருப்பும்போதெல்லாம் மரமும் குழிக்குள்ளேயே சுழலும். மரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த கடற்கரை மணல் உள்ளே இருந்துவிட்டால், அம்மியில் வைத்து அரைப்பதுபோல ஃபைபரை அரைத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். பாயை மாட்டிய பிறகு குழி கண்ணுக்கே தெரியாது. வெளியே எந்த அடையாளமும் இருக்காது.

தண்ணீர் புகுந்த லேசர் எப்படி ஓடும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதன் நீர்க்கோட்டு நீளம் 3.81 மீட்டர். இவ்வளவு சின்னப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனால் நாலரை, ஐந்து நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்துக்கு மேல் போகாது. ஆனால் லேசரின் அடிப்பாகம் பின்பக்கம் போகப் போகத் தட்டையாகிறது. நல்ல காற்றில் நீங்கள் கால்பட்டையில் காலை மாட்டி வெளியே சாய்ந்து உடம்பை நீட்டினால், அது தன் அலை மேலேயே ஏறிச் சறுக்க ஆரம்பித்துவிடும். அந்த நிமிடத்துக்காகத்தான் ஆளுக்காள் இந்தப் படகைத் தேடி வருகிறார்கள். உள்ளே 30 லிட்டர் தண்ணீர் இருந்தால் அது 30 கிலோ, படகின் எடையில் பாதி. சறுக்கல் அப்போதே போய்விடும். அதைவிட மோசம், அந்தத் தண்ணீர் சும்மா இருக்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது படகு இடதும் வலதுமாக உருண்டால், புதிதாகக் கற்பவர்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதலில் பூமை, அதாவது பாயின் அடியில் கிடையாக இருக்கும் கம்பைக் கீழே இழுக்கும் வாங் கயிறு ரொம்பத் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் உருண்டால், படகின் வயிற்றைச் சந்தேகியுங்கள்.

நான் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த காலத்தில், இப்படிப்பட்ட ஒரு படகில் பாய்மரம் குழியோடு பிய்த்துக்கொண்டு சாய்ந்ததைப் பார்த்தேன். கரையிலிருந்து கடலை நோக்கி மேல்காற்று வீசிக்கொண்டிருந்த காலை நேரம். படகு வெளியே போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பையன் நீந்தி வர முயற்சி செய்யவில்லை, லைஃப் ஜாக்கெட்டோடு படகைப் பிடித்துக்கொண்டே கிடந்தான். அதனால்தான் மீட்புப் படகுக்கு அவனைக் கண்டுபிடிக்க முடிந்தது. தண்ணீரில் தனித் தலை ஒன்று கண்ணுக்குத் தெரிவது மிகக் கடினம். எது நடந்தாலும் படகை விட்டு வராதீர்கள்.

சோதனைக்குச் செலவே இல்லை. மரத்தை இறக்கும் முன் குழி நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி, மட்டம் நிற்கிற இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். துளி இறங்கியிருந்தாலும் அன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டாம். வாங்கும் முன் விற்பவர் கண்முன்னேயே இதைச் செய்யுங்கள், முடிந்தால் படகை எடையும் போடுங்கள். ஓட்டை இருந்தால் மேலே பசையைத் தடவி மூடினால் நிற்காது. குழியை நன்றாக உலர்த்தி, தேய்த்து, ஃபைபர் துணியும் எபாக்ஸி பிசினும் வைத்துக் கட்ட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு முறையும் மரத்தின் அடியையும் குழியையும் கழுவிவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

அந்த மாணவரின் படகில் தண்ணீர் பத்தே நிமிடத்தில் இரண்டு விரல் அளவு இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, குழியின் அடி ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. உலர வைக்கவே ஒரு வாரம் ஆனது. வேலை முடிந்த அன்று அவரே தண்ணீர் ஊற்றி, டேப் ஒட்டி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.