ஆக்கிரமிப்புத் தாவரம்: சொல் விளக்கம்

காடு வளர்ப்பவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் 'இன்வேசிவ்' என்ற சொல்லுக்குத் தமிழில் அந்நியத் தாவரம், அயல் தாவரம், ஊடுருவும் தாவரம், ஆக்கிரமிப்புத் தாவரம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். எல்லாம் ஒன்றில்லை.

மூலம் லத்தீன்: 'இன்வாதெரே', உள்ளே புகுவது. ஆனால் உள்ளே வந்ததெல்லாம் இன்வேசிவ் ஆகிவிடாது. பண்ருட்டி முந்திரியே பிரேசில் சரக்குதான், போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது, மிளகாயும் அப்படித்தான், இரண்டையும் விரட்டச் சொன்னால் கடலூர்க்காரர்கள் நம்மை விரட்டுவார்கள். வந்த இடத்தில் தானாகப் பெருகி, அங்கே ஏற்கெனவே இருந்த செடி கொடிகளை ஒழித்துக்கட்டினால்தான் இன்வேசிவ். ஆகவே அந்நியம், அயல் இரண்டும் பாதிப் பொருளைத்தான் தருகின்றன. ஊடுருவல் என்றால் துளைத்துக்கொண்டு போவது, இடத்தைப் பிடித்துக்கொள்வது அதில் வரவில்லை. ஆக்கிரமிப்பு வடசொல்தான், இருந்தாலும் ஏரி ஆக்கிரமிப்பு, புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்று கேட்டுப் பழகியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். என் ஓட்டு அதற்கே.

சரி, எவை இந்த வகை? முதலில் வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம். 'சீமை' முதலில் எல்லை, அப்புறம் நாடு, பிறகு வெள்ளைக்காரர் நாடு, கடைசியில் வெளியிலிருந்து வந்த எதற்கும் முன்னொட்டு. இந்த மரத்தின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம், இந்தியாவுக்கு வந்தது 1870களில். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் போடுவதால் போன இடமெல்லாம் முளைக்கிறது.

அடுத்தது உண்ணிச்செடி, அதாவது லன்டானா. பூவுக்காகத் தோட்டத்தில் வைத்த செடி, பறவைகள் பழம் தின்று காட்டுக்குக் கொண்டுபோய்விட்டன. புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு, ஆரோவில் என்று புதுச்சேரியைச் சுற்றி மிஞ்சியிருக்கும், மீட்கப்பட்டிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளுக்கு (மழை குறைவான இடத்திலும் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் காடுகள்) இதுபோன்ற புதர்கள் பெரிய தொல்லை. தரைக்கு மேலே வெட்டினால் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் மறுபடி வேர் பிடிக்காது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு பரப்பிய முறை இது, காய்க்கும் முன்பே செய்வது நல்லது.

தமிழ்நாடு அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே சூழல் மீட்பும் சேர்ந்திருப்பதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் வெட்டிய இடத்தை வெயிலில் சும்மா விட்டால் உண்ணிச்செடிதான் திரும்ப வரும், வடகிழக்குப் பருவமழைக்கு வீரை, காயா, பாலை என்று இந்த மண்ணுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டு நிழல் கட்டினால் அது தானாக ஒடுங்கும்.