எண்ணெய் மேடையில் பவளம் வளர்கிறது என்று கடலில் டயரைப் போடாதீர்கள்

மறுபடியும் அதே வீடியோ. மெக்சிகோ வளைகுடாவில், கடலடியிலிருந்து எண்ணெய் எடுக்க நிறுத்திய ஓர் எண்ணெய் மேடை. தண்ணீருக்குள் அதன் இரும்புக் கால்கள் முழுக்க ஆரஞ்சு நிறப் பூக்கள், சுற்றிலும் மீன் கூட்டம். அதைப் பார்த்துவிட்டு, "பழைய லாரி டயர்களைக் கட்டி எங்க ஊருக்கு எதிரே இறக்கப் போறோம், பவளம் வருமா சார்?" என்று இன்னொரு இளைஞர் குழு போன் செய்தது. நல்ல மனசுள்ள பிள்ளைகள். கடலடி ஆய்வு என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

எதைப் போட்டாலும் பவளம் வந்துவிடாது. பவளத்தின் குஞ்சு ஒட்டிப் பிடிக்கக் கெட்டியான, அசையாத இடம் வேண்டும். வடக்கு மெக்சிகோ வளைகுடாவின் தரை பெரும்பாலும் சேறு. அங்கே மேடையின் கால்கள் தரையிலிருந்து மேலே வெளிச்சம் விழும் மட்டம் வரை நிற்கின்றன. தரைக்குள் ஆழமாக அடித்த இரும்புத் தூண்கள் அவற்றைப் பிடித்திருக்கின்றன. இரும்பு அரிக்காமலிருக்க அலுமினியக் கட்டிகள் பொருத்தியிருப்பார்கள். முதலில் வருவது பாசி, அப்புறம் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டுமே, அந்த ஓட்டுயிர்), சிப்பி. பவளம் கண்ணில் படும்படி வளர்வது பத்துப் பன்னிரண்டு வருஷம் தாண்டிய மேடைகளில்தான், அதுவும் கரையிலிருந்து வெகுதூரத்தில், தண்ணீர் தெளிந்த இடத்தில். கரையோரக் கலங்கலில் நிற்கும் மேடைகளில் கொட்டலசோடு சரி.

இன்னொன்று. அந்த ஆரஞ்சுப் பூக்கள் டியூபாஸ்ட்ரியா எனும் பவளம். அட்லாண்டிக் பக்கத்துக்கே அது அந்நியம். நம் இந்திய, பசிபிக் கடல்களிலிருந்து போனது. பிரேசிலில் 1980களின் கடைசியில் எண்ணெய் மேடைகளில் தென்பட்டு, பிறகு கரையோரப் பாறைகளில் பரவி, உள்ளூர்ப் பவளங்களை நெருக்குகிறது. அழகாக இருக்கிறது என்பதற்காக அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற மேடைகளைக் கடலிலேயே பாராக, அதாவது மீனும் பவளமும் சேரும் கடலடித் திட்டாக, விடுகிறார்களே என்பார்கள். உண்மைதான். லூசியானா 1986இல் திட்டம் போட்டது. இதுவரை 500க்கு மேற்பட்ட மேடைகள் அப்படி மாறியிருக்கின்றன. ஆனால் கிணறுகளை நிரந்தரமாக அடைத்து, எந்திரங்கள் உள்ள மேல்தளத்தைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோன பிறகு, சுத்தமான இரும்புச் சட்டத்தைத்தான் விடுகிறார்கள். அங்கும் மீன் பெருகுகிறதா, இருக்கிற மீன் ஓரிடத்தில் கூடுகிறதா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. கூடுகிற மீனைப் பிடிப்பது சுலபம். அதையும் நினைத்துப் பாருங்கள்.

டயர் என்ன செய்யும் என்பதற்கு புளோரிடாவே சாட்சி. 1972இல் ஃபோர்ட் லாடர்டேல் அருகே சுமார் 20 லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். கட்டு துருப்பிடித்து அறுந்தது. புயலில் டயர்கள் உருண்டு பக்கத்திலிருந்த உயிருள்ள பவளத்தின் மேல் மோதின. 2007 முதல் ராணுவ முக்குளிப்பாளர்களை இறக்கி எடுக்கத் தொடங்கினார்கள். வருஷங்கள் ஓடியும் முழுதாக எடுத்து முடிக்க முடியவில்லை.

நம் தூத்துக்குடி வான் தீவைச் சுற்றிப் போட்டிருப்பவை துளையிட்ட சரிவக வடிவக் காங்கிரீட் அமைப்புகள். அலை, நீரோட்டம் எல்லாம் அளந்து பார்த்துப் போட்டவை. அவற்றில் பவளம் பிடிக்கிறது.

ஆகவே டயர், உடைந்த ஃபைபர் படகு, பெயின்ட் அடித்த பழைய இரும்பு எதையும் இறக்காதீர்கள். உயிருள்ள பவளத்தை உடைத்து வேறிடத்தில் கட்டிவைக்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே ஒரு கல்லைக்கூடப் போடக் கூடாது. வேறிடம் என்றால் முதலில் மீன்வளத்துறையிடம் போங்கள்.

பவளத்துக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டுமா? பாரின் மேல் நங்கூரம் போடாதீர்கள் தம்பிகளா. கிழிந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள். பாரில் சிக்கிவிட்டால் இழுத்துப் பிய்க்க வேண்டாம், ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். முக்குளித்து வெட்டி எடுக்க நாங்கள் வருகிறோம்.