குகை வௌவாலுக்கு மணி சொல்வது யார்?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். போன மே மாதம் பணி நிறைவு. சால்வை, மாலை, பாராட்டு விழா எல்லாம் முடிந்து முதல் இரண்டு வாரம் நிம்மதியாகவே கழிந்ததாம். "இப்போது விடியற்காலை மூன்றுக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பகலில் சோபாவில் தூங்கி வழிகிறேன். எதிலும் பிடிப்பில்லை. பிள்ளைகள் போனில் பேசினால்கூட எப்போது வைப்பார்கள் என்று இருக்கிறது. ஏழரைச் சனி என்கிறார்கள் வீட்டில். அறிவியலில் இதற்குப் பதில் உண்டா?"

உண்டு சார். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மதுரைக்குப் பக்கத்தில் ஒரு குகைக்குள் கிடைத்தது.

உடலுக்குள் கடிகாரம் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மூளையின் ஹைப்போதலாமஸில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட சிறு கொத்து இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் சில மரபணுக்கள் புரதம் செய்கின்றன. புரதம் பெருகியதும் அதுவே திரும்பி வந்து தன் மரபணுவை நிறுத்துகிறது. பிறகு புரதம் சிதைகிறது, மரபணு மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இதன் அடிப்படையைப் பழ ஈயில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

'ஏறக்குறைய' என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. மனிதக் கடிகாரத்தின் சராசரிச் சுற்று 24 மணி 11 நிமிடம் என்று 1999-இல் அளந்து சொன்னார்கள். யாரும் திருத்தாமல் விட்டால் ஒரு மாதத்தில் ஐந்தரை மணி நேரம் பிசகிவிடும். அதனால் தினமும் யாராவது அதைத் திருகி வைக்க வேண்டும். முதல் திருகாணி வெளிச்சம். விழித்திரையில் உருவம் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே மெலனாப்சின் நிறமி கொண்ட செல்கள் உள்ளன. அவை நீல ஒளியை நாடுபவை. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாகி அந்த நீலத்தைத்தான் வடிகட்டிவிடுகிறது.

சரி, வெளிச்சமே நுழையாத இடத்தில் வாழும் உயிர் என்ன செய்யும்?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் என்ற உயிரியலாளர் இருந்தார். அவரும் மாரிமுத்துவும் ராஜனும் இலைமூக்கு வௌவால்கள் வாழும் குகையைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே நிரந்தர இருட்டு. வெப்பமும் ஈரப்பதமும் அசையாமல் ஒரே நிலையில் நிற்கும். ஒரு வௌவாலைப் பிடித்து, அதன் அசைவுகள் பதிவாகும்படி அமைத்த கூண்டில் வைத்துக் குகைக்குள்ளேயே விட்டார்கள். சூரியன் மறைவதை அது பார்க்க வழியே இல்லை. கூட்டம் மட்டும் வழக்கம்போல அந்தியில் வெளியே பறந்து போய் விடியலில் திரும்பி வந்தது.

கூண்டு வௌவால் என்ன செய்தது தெரியுமா? நாள்தோறும் கூட்டம் கிளம்பும் அதே நேரத்தில் தானும் சிறகடித்தது. இருட்டில் அடைபட்டிருந்தும் அதன் மணி தவறவில்லை. பிறகு, வேறு வௌவால்கள் இல்லாத குகையில் தனியாக வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதன் கடிகாரம் நிற்கவில்லை. ஆனால் 24 மணியை விட்டு விலகி, நாளுக்கு நாள் நகர்ந்து, வெளியுலகின் பகலும் இரவும் ஒரு பக்கம், அதன் பகலும் இரவும் இன்னொரு பக்கம் என்றானது.

குகை வாசலுக்குப் போய் அந்தி வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழக்கம் வௌவால்களுக்கு உண்டு. வாசலுக்குப் போக முடியாத வௌவாலுக்கு அக்கம்பக்கத்தின் சிறகோசையும் குரலும் சலசலப்பும்தான் சூரியன். 1981-இல் இந்த முடிவு வெளியானது. அடுத்து வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை இதே கூட்டத்தின் நடுவே வைத்துச் சோதித்தபோது அதன் கடிகாரம் இணங்கவே இல்லை. சத்தம் இருந்தால் மட்டும் போதாது, தன் இனத்தின் சத்தமாக இருக்க வேண்டும்! இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மனிதன் வௌவால் இல்லை. நமக்கு வெளிச்சமே பெரிய திருகாணி. ஆனால் அந்த வெளிச்சத்துக்குள் நம்மைத் தினமும் கொண்டுபோய் நிறுத்துவது யார்? எட்டரை மணி பஸ், முதல் மணி, காலை வழிபாட்டுக் கூட்டம், ஸ்டாஃப் ரூம் தேநீர். எழுவது, உண்பது, பேசுவது, படுப்பது எல்லாம் அந்த வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே உத்தரவில் வரிசை அறுந்தது. வேலை இழப்பு, துணை இழப்பு போன்றவை அன்றாட ஒழுங்கைக் குலைத்து, அதன் வழியே உடல் கடிகாரத்தையும் குலைத்து, மனச்சோர்வுக்குப் பாதை போடலாம் என்று எஹ்லர்ஸ், ஃபிராங்க், குப்ஃபர் என்ற மனநல ஆய்வாளர்கள் மூவரும் 1988-இல் எழுதினார்கள். சோர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஓய்வுபெற்றவர்களின் விஷயத்தில் இந்தப் பாதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா பஸ் டிரைவர். நாகர்கோவிலிலிருந்து விடியற்காலை முதல் வண்டி எடுப்பவர். ஓய்வுக்குப் பிறகும் மூன்றரைக்கு எழுந்து, ஷேவ் செய்து, கைக்கடிகாரம் கட்டித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சில மாதங்களில் ஷேவ் நின்றது. பிறகு கடிகாரம் கட்டுவது நின்றது. மத்தியானம் வரை சாரத்தோடு படுத்தே கிடந்தார். டிவி மேல் கிடந்த அந்தக் கடிகாரம் பேட்டரி தீர்ந்து ஐந்து இருபதில் நின்றுபோனதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

பக்கத்து வீட்டுச் சித்திக்கு இடுப்பு வலி வந்தது. "அத்தான், பாலை மட்டும் சொசைட்டியில் கொடுத்துவிட்டு வருவீர்களா?" என்று கேட்டார். ஆறரைக்குள் போக வேண்டும், தாமதித்தால் பால் எடுக்க மாட்டார்கள். மூன்று லிட்டர் தூக்குப்பாத்திரம், முக்கால் கிலோமீட்டர் நடை, வரிசையில் பத்துப் பேர். ஒருநாள் போகவில்லை. மறுநாள் பால்மானியைப் பாலில் மிதக்கவிட்டபடியே பையன் கேட்டானாம்: "என்ன அண்ணாச்சி, நேற்று ஆளையே காணவில்லை?" அதை அப்பா வீட்டில் இரண்டு முறை சொன்னார். அந்த வாரமே கடிகாரத்துக்குப் பேட்டரி வாங்கி வரச் சொன்னார்.

வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் தேடுங்கள் என்று ஓய்வுபெற்றவர்களிடம் எல்லோரும் சொல்கிறார்கள். சோர்ந்த மனம் நோக்கத்தைத் தேடிக் கிளம்பாது. முதலில் மணியைக் கட்டுங்கள், ஆட்களோடு கட்டுங்கள். நோக்கம் அதன் பின்னால் வரும் என்பதே என் நம்பிக்கை. நம் மாவட்டத்தையே பாருங்கள். தோவாளைப் பூச்சந்தைக்கு இருட்டிலேயே பூ வந்துவிடுகிறது. இலைகள் நீரை இழக்காத குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும் என்பதால் பால்வெட்டுக்காரர் வெயிலுக்கு முன்பே தோட்டத்தில் இருக்கிறார். கடலுக்குப் போக முடியாத வயதிலும் கரையில் கூடி உட்கார்ந்து வலையைச் செப்பனிடுகிறார்கள் கடற்கரைப் பெரியவர்கள். பணி நிறைவு உத்தரவு வாங்கிய நமக்குத்தான் மணி அறுந்துபோகிறது.

1988-இல் எழுதிய மூவரில் ஃபிராங்க் உருவாக்கிய சிகிச்சை முறையில், நோயாளிகள் ஐந்து நேரங்களைத் தினமும் குறிக்க வேண்டும்: படுக்கையை விட்டு எழுந்தது, முதல் ஆளிடம் பேசியது, வேலையோ சேவையோ தொடங்கியது, இரவு உணவு, படுத்தது. இருமுனை மனநோய்க்காக வந்த முறை அது, ஆனாலும் அந்தக் குறிப்பேடு யாருக்கும் உதவும். நீங்களும் எழுதிப் பாருங்கள் சார். இரண்டாவது கட்டம் பல நாள் காலியாக இருக்குமோ என்று எனக்குக் கவலை.

வெளிச்சத்தில் ஒரு நுட்பம் உண்டு. காலை ஒளி கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், மாலை ஒளி பின்னுக்குத் தள்ளும். மூன்றுக்கே விழிக்கும் உங்களுக்கு மாலை ஐந்து மணி நடையும் அவசியம். எட்டு டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. ஐரோப்பியருக்கு வரும் குளிர்காலச் சோர்வு நமக்கு வரக் காரணமில்லை. நம் இருட்டு டிவி அறையின் இருட்டு. மேகமூட்டமான நாளில்கூட முற்றத்து வெளிச்சம் அறை வெளிச்சத்தைப் போலப் பல மடங்கு.

ஏழரைச் சனி பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அது ஏழரை ஆண்டு பொறுத்திருக்கச் சொல்கிறது. சிகிச்சை தேவைப்படும் ஒருவரை அத்தனை காலம் காத்திருக்க வைப்பது கொடுமை. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால், பசி குறைந்தால், சாவைப் பற்றிய நினைப்பு ஒருமுறை வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி12 குறைபாடும் இதே முகத்தோடு வரும். டெலி மானஸ் என்ற மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. 'வௌவாலின் தூக்கத்தை அளக்க அரசுப் பணமா' என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருப்பார்கள். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் சம்பளத்தில், ஊர்க்குகையில் நடந்த வேலை அது. இன்று மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஊதியம் கொடுக்கவே திணறும் செய்திகளைப் படிக்கும்போது, எத்தனை குகைகளுக்குள் யாருமே போகாமல் இருக்கப் போகிறார்களோ என்று நெஞ்சு பதறுகிறது.

திங்கட்கிழமையிலிருந்து எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள் சார். நூலகமோ, கணக்கில் தடுமாறும் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையோ, எதுவானாலும் சரி. ஒருநாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஆள் அங்கே இருக்க வேண்டும்.