சொல் விளக்கம்: ‘பிஹேவியரல் ஹெல்த்’ – நடத்தை நலமா, உளநலமா?

குழந்தை மருத்துவம் பற்றிய கையேடுகளைத் தமிழாக்குகிறவர்கள் ஒரு தொடரில் கட்டாயம் இடறுவார்கள்: ‘இன்டெக்ரேட்டட் பிஹேவியரல் ஹெல்த் இன் பீடியாட்ரிக் பிரைமரி கேர்’. குழந்தை மருத்துவரைப் பார்க்கப் போகிற இடத்திலேயே உளநலச் சேவையும் கிடைக்கச் செய்வதைத்தான் அது சொல்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குழந்தை முதன்மைப் பராமரிப்பில் ஒருங்கிணைந்த நடத்தைச் சுகாதாரம்’ என்று வரும். நானும் ஒருமுறை அப்படி எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கும் தாய்க்கு விளங்குவது ஒன்றே ஒன்று: தன் பிள்ளையின் நடத்தை சரியில்லை என்று யாரோ சொல்கிறார்கள்.

தவறு அவளுடையது அன்று. ‘நட’ என்ற வினையில் பிறந்த எளிய சொல்தான் நடத்தை. ஆனால் ஒருவருடைய நடத்தையைப் பற்றிப் பேச்செடுத்தாலே தமிழில் பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நடத்தைச் சான்றிதழ், நடத்தை விதி, நடத்தை கெட்டவன் என்று அது போகிற இடமெல்லாம் நல்லது கெட்டது பார்க்கும் இடங்களே. ஒழுக்கத்தின் கதையும் இதுதான். நீர் ஒழுகுவதைச் சொல்லும் வினையில் தோன்றிய அந்த அழகான சொல்லும் இன்று பிரம்போடு நிற்கிறது.

ஆங்கிலத்தின் ‘பிஹேவ்’ வேறு வழியில் வந்தது. கொண்டிருத்தலைக் குறிக்கும் ‘ஹேவ்’ என்பதன்முன் ‘பி’ சேர்ந்து, ‘தன்னை ஒரு விதமாக வைத்துக்கொள்’ என்று பொருள் தந்தது. பிள்ளைகளை அதட்டவும் அது பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் 1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன், உளவியல் என்பது நடத்தையைப் பற்றிய அறிவியலாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அதன்பின் அறிஞர் எழுத்தில் அந்தச் சொல்லிலிருந்து அதட்டல் கழன்றது. வெளியிலிருந்து கவனித்து அளக்கக்கூடிய எந்தச் செயலும் பிஹேவியர்தான்: எலி நெம்புகோலை அமுக்குவது, குழந்தை விரல் சூப்புவது, நள்ளிரவில் விழித்துக்கொள்வது. நம் நடத்தைக்கு அப்படி ஒரு குளியல் நடக்கவே இல்லை.

‘பிஹேவியரல் ஹெல்த்’ என்ற கூட்டுச்சொல் இன்னும் இளையது. அதற்கு வரையறை தந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஜோசப் மட்டராசோ. அவர் 1980இல் எழுதிய கட்டுரையில் இது உளநோயைக் குறிக்கவில்லை. நலமாக இருப்பவர்கள் தங்கள் பழக்கங்களால் நலமாகவே நீடிப்பதைத்தான் குறித்தது. பிறகு அமெரிக்கக் காப்பீட்டுத் துறை இச்சொல்லைக் கையில் எடுத்தது. உளநோய்ச் சிகிச்சையையும் போதைப் பழக்கச் சிகிச்சையையும் மற்ற மருத்துவத்திலிருந்து வெட்டி எடுத்துத் தனி நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டபோது, அந்த இரண்டுக்கும் பொதுப்பெயராக இதுவே நிலைத்தது. பிரித்து வைத்தவர்கள் பரப்பிய சொல்லை, உளநலச் சிகிச்சையை மற்ற மருத்துவத்தோடு மீண்டும் சேர்க்க வந்தவர்கள் இன்று தலைப்பில் எழுதுகிறார்கள்.

சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாழ்நாளில் உளநோய் காண்பவர்களில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்று 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்த வயதுப் பிள்ளை உளநல மருத்துவரிடம் தானாகப் போகாது. தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் போகிற அதே குழந்தை மருத்துவரிடம்தான் போகும், அதுவும் வயிற்றுவலி என்று.

ஒன்பது வயதுச் சிறுமி. பள்ளி நாளில் காலையில் வயிறு வலிக்கிறது, விடுமுறை நாளில் வலிப்பதில்லை. சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. காத்திருக்கும் நேரத்தில் தாயிடம் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். அமெரிக்க உளநல மருத்துவர் மைக்கேல் ஜெலினெக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1980களில் உருவாக்கிய வினாப்பட்டியல் அது. 35 வரிகள், ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘சில நேரம்’, ‘அடிக்கடி’ என்ற மூன்றில் ஒன்று, மதிப்பெண் 0, 1, 2. ஆறு முதல் பதினாறு வயதுக்குள் மொத்தம் 28ஐத் தொட்டால் மேலும் விசாரிக்க வேண்டும். அது நோய் முடிவு அன்று, விசாரிப்பதற்கான அறிகுறி மட்டுமே. பட்டியலின் முதல் வரியே உடல்வலியைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். மனம் அங்கே உடலின் வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. (இந்த வேலைக்குப் பெயர் ‘ஸ்கிரீனிங்’. இதையும் ‘திரையிடல்’ என்று எழுதியவர்கள் உண்டு. படம் காட்டப் போகிறார்கள் போலிருக்கிறது. ‘முன்கண்டறிதல்’ போதும்.)

அடுத்து ‘இன்டெக்ரேட்’. இலத்தீனில் ‘இன்டெகர்’ என்றால் தொடப்படாதது, பின்னமாகாதது. கணக்கில் நாம் முழு எண் என்பதும் அதே சொல்லைத்தான். ஆகவே இச்சொல்லின் அடியில் இருப்பது முழுமையாக்குதல். தமிழில் வழங்கும் ‘ஒருங்கிணைப்பு’ இதற்குப் பாதிதான் பொருந்தும். ஒருங்கிணைப்பாளர் என்றால் நமக்கு நினைவுக்கு வருபவர், தனித்தனியாக இயங்குகிறவர்களுக்கு நடுவே தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர்.

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நலத்துறை அமைப்புகளின் ஆதரவில் 2013இல் வெளிவந்த ஒரு சட்டகம் இதை மூன்று கட்டங்களாக, கட்டத்துக்கு இரண்டு படிகளாகப் பிரிக்கிறது. முதலில் தொடர்பில் இருத்தல். பிறகு ஒரே கட்டடத்தில் இருத்தல். கடைசியில் ஒரே குழுவாகி, ஒரே சிகிச்சைத் திட்டத்தில் வேலை செய்தல். ‘ஒருங்கிணைப்பு’ முதல் கட்டத்துக்குத்தான் சரி. மூன்றாவதற்கு ‘ஒன்றிணைந்த’ என்று எழுதுவதே என் வழக்கம்.

இந்த வேறுபாட்டைக் காட்ட நம்மிடம் பழைய உவமை ஒன்று இருக்கிறது. ஆற்றுப்படையில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் வறிய பாணனுக்கு வள்ளல் இருக்கும் ஊருக்கு வழி சொல்கிறான். ஆறு என்றால் வழி. ‘கவுன்சலிங்’ என்பதற்கு இன்று வழங்கும் ‘ஆற்றுப்படுத்தல்’ அங்கிருந்து வந்த அருமையான சொல். ஆனால் வழி சொன்ன பாணன் கூடப் போவதில்லை. உளவியலாளரைப் போய்ப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தரும் மருத்துவரும் போவதில்லை. அந்தச் சீட்டு பல வீடுகளில் அலமாரியிலேயே மஞ்சளாகிவிடும். ஒன்றிணைந்த முறையில் மருத்துவர் எழுந்து, அடுத்த அறையில் இருக்கும் உளவியலாளரை அழைத்து வந்து அறிமுகப்படுத்துகிறார். ஆங்கிலத்தில் இதை ‘வார்ம் ஹேண்டாஃப்’ என்கிறார்கள். ‘வெதுவெதுப்பான கையளிப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். ‘கையோடு சேர்ப்பித்தல்’ என்றால் யாருக்கும் புரியும்.

‘பிரைமரி கேர்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் போய்ச் சேரும் இடம் என்பதால் ‘முதல்நிலை மருத்துவம்’. ‘முதன்மை’ என்றால் தலைமை என்ற பொருள் குறுக்கிடும்.

இனி மனநலமா, உளநலமா? தமிழ்நாட்டில் ‘மனநலம்’ பரவலாக வழங்குகிறது, இலங்கையில் ‘உளநலம்’. இரண்டும் சரியே. ‘மனநலம் குன்றியவர்’ என்று முத்திரை குத்தி முத்திரை குத்தி முதற்சொல்லில் கறை ஏறிவிட்டதால் நான் இரண்டாவதை எடுக்கிறேன். கவுன்சலிங்குக்கு இலங்கைத் தமிழர் வழங்கும் ‘உளவளத்துணை’யும் எனக்குப் பிடிக்கும், அதில் துணை இருக்கிறது. தூக்கம், உணவு, கைப்பேசி போன்றவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘உளநலமும் வாழ்க்கைப் பழக்கங்களும்’ என்று விரித்து எழுதலாம். ஆக முழுத்தொடர்: ‘குழந்தைகளுக்கான முதல்நிலை மருத்துவத்தில் ஒன்றிணைந்த உளநலச் சேவை’.

இதிலும் ஒரு குறை மிச்சம். குழந்தை மருத்துவர் பதினெட்டு வயதுவரையும், சில நாடுகளில் அதற்கு மேலும் பார்க்கிறார். ‘குழ’ என்றால் இளமைதான். என்றாலும் மீசை அரும்பிய பதினாறு வயதுக்காரனிடம் ‘குழந்தைகளுக்கான’ என்று தலைப்பிட்ட தாளை நீட்டினால் அவன் பேனாவைத் தொடமாட்டான். அவனுக்குத் தரும் தாளில் ‘வளரிளம் பருவத்தினருக்கான’ என்று மாற்றி அச்சிட்டுக்கொள்ளுங்கள்.